உரிமை துறந்த நூலும் உரியவரற்ற கலகமும்: டிஸ்கோடியர் பற்றி ஒரு நோக்கு

நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்பது நம்மிடையே வழங்கும் கூற்று. கலகம் மூட்டுபவர் அதன் முடிவை முன்னரே அறிந்தவர், வேண்டியபோது அதனை அடக்கவும் வல்லவர் என்ற எண்ணம் இக்கூற்றினுள் மறைந்து கிடக்கின்றது. ஆனால், கலகம் மூட்டுபவர் பலராக இருந்து, அவர்களுள் எவருக்கும் முடிவு தெரியாதிருந்து, மூட்டிய கலகம் தம்முடையது என்று எவரும் உரிமை கோராமலும் விட்டால் யாது நிகழும்? இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்காவிலே தோன்றிய டிஸ்கோடியர் என்போரின் வரலாறு பெரிதும் துணைபுரிவதாகும். அவர்களைக் குழு என்று கூறுவதுகூட ஒரு வசதி கருதியே. தலைமையகமோ யாப்போ சந்தாவோ அங்கத்தவர் பட்டியலோ இன்றிக் கடிதங்களாலும் நட்பாலும் பிற்காலத்திலே கணினி வலைகளாலும் இணைக்கப்பட்ட ஒரு தொடர்பு அது. தமது நெறி விளையாட்டா சமயமா என்ற ஐயத்தை அவர்களே எழுப்பி, விடை கூறாது விட்டனர்.

இதன் மூலவர் இருவர்: கிறெக் ஹில், கெரி தோர்ன்லி. தென் கலிபோர்னியாவிலுள்ள விற்றியர் பகுதியிலே உயர்தரப் பாடசாலை மாணவராக இருந்தவர்கள். (பின்னாளில் சனாதிபதியாகிய றிச்சட் நிக்சன் வளர்ந்த ஊரும் இதுவே. அங்கதத்திற்கு ஏற்ற மண்தான்.) ஐம்பதுகளின் இறுதியிலே, ஒரு பந்துருட்டு மண்டபத்தில் நள்ளிரவு கடந்தும் பேசிக்கொண்டிருந்த வேளையில் உலகின் அடிப்படை குழப்பமே என்ற எண்ணம் தமக்குத் தோன்றியது என்று அவர்கள் எழுதினர். அக்காலச் சூழலை மறந்து இதனை நோக்குதல் தகாது. மக்காத்தியின் கம்யூனிச வேட்டை ஓய்ந்திருந்தபோதும் அதன் அச்சம் ஓயவில்லை. புறநகரத்து மத்தியதர வர்க்க வாழ்வோ ஒழுங்கு, கீழ்ப்படிவு, வெற்றி ஆகியவற்றையே தெய்வங்களாகப் போற்றியது. அத்தகைய ஒழுங்கினைப் பரிகசிக்க முனைந்த இளைஞர் ஒழுங்கின்மைக்கு ஒரு தெய்வத்தைத் தேடியது வியப்பன்று.

அத்தெய்வம் கிரேக்கரின் எரிஸ். உரோமர் அவளை டிஸ்கோடியா என்றனர். பெலேயுஸ், தேத்திஸ் என்போரின் திருமணத்திற்கு அழைக்கப்படாத எரிஸ், பேரழகிக்கு உரியது என்று பொறித்த பொன் ஆப்பிளொன்றை விருந்தினரிடையே உருட்டிவிட, மூன்று தேவியர் அதற்காகப் பிணங்கினர், பரிஸ் தீர்ப்பளித்தான், துரோய் அழிந்தது. ஹெசியோட் தமது வேலைகளும் நாட்களும் என்னும் நூலிலே எரிஸ் ஒருத்தியல்லள், இருவர் என்பார். ஒருத்தி போரையும் பகையையும் வளர்ப்பவள். மற்றவள் அயலானின் உழைப்பைக் கண்டு தானும் உழைக்கும்படி மனிதரைத் தூண்டுபவள். டிஸ்கோடியர் இந்த இரண்டாமவளையே படைப்பூக்கமுள்ள குழப்பமாகக் கொண்டாடினர் எனலாம். எனினும் முதலாமவள் பந்தியைவிட்டு எழுந்து போய்விடவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

அவர்களது திருமறையாகிய பிரின்சிப்பியா டிஸ்கோடியாவின் முதற்பதிப்பு 1965இல் நியூ ஓர்லியன்சிலே ஒரு சில படிகளாக மட்டும் வெளிவந்தது. அந்நகர வழக்குத்தொடுநர் ஜிம் கரிசனின் அலுவலகப் படியெடுக்கும் இயந்திரத்திலேயே, இரவு வேளையில், அவரறியாமல் அது உருவாக்கப்பட்டது என்று டிஸ்கோடியர் கூறுவர். பரவலாக அறியப்பட்ட நான்காம் பதிப்பு 1970இல் வந்தது. இதன் பக்கங்களைப் புரட்டுவோர் முதலில் காண்பது நூலொன்றன்று, ஒரு கழிவுத்தாட் கூடை. தட்டச்சு, கையெழுத்து, இறப்பர் முத்திரை, பழைய ஓவியம், விளம்பரத் துண்டு, நண்பர் அனுப்பிய கடிதம், அரசாங்கப் படிவத்தின் போலி ஆகியன வெட்டியொட்டப்பட்டுள்ளன. ஹில் 'இளைய மலாக்லிப்ஸ்' என்றும் தோர்ன்லி 'ஒமார் கயாம் ரேவன்ஹேஸ்ற்' என்றும் புனைபெயர் பூண்டனர். ஒருவரே பல பெயர்களிலே தம்முடன் தாமே முரண்படுவதும் உண்டு. நான்காம் பதிப்பின் தொகுப்பு பெரும்பாலும் ஹில்லின் கைவண்ணமே எனினும், வாசகர் தாமும் ஒரு பக்கத்தை ஒட்டிவிடலாம் என்று எண்ணுமாறு அது அமைக்கப்பட்டிருப்பதே இலக்கிய நோக்கிற் கவனிக்கத்தக்கது. முடிந்துவிட்ட ஒரு படைப்பின் தோற்றத்தை அது திட்டமிட்டுத் தவிர்க்கின்றது.

உள்ளடக்கத்திற்கு ஒரு சான்று போதும். அடியார் ஒரு வெள்ளிக்கிழமையன்று தனித்துச் சென்று ஒரு ஹொட் டோக்கை மகிழ்வுடன் உண்ண வேண்டும் என்பது ஒரு கட்டளை. ஹொட் டோக்கைப் பொதியும் பணிஸை உண்ணலாகாது என்பது வேறொரு கட்டளை. வெள்ளியன்று இறைச்சியை விலக்கும் கத்தோலிக்கர், பன்றியை விலக்கும் யூதர், மாட்டை விலக்கும் இந்துக்கள், புலாலை விலக்கும் பௌத்தர் ஆகிய அனைவரது விலக்குகளையும் முதற்கட்டளை ஒருங்கே மீறுகின்றது. இரண்டாவதோ அம்மீறலுக்கும் ஒரு விலக்கைப் பூட்டி, மீறலே புதிய ஆசாரமாக இறுகிவிடாமற் பார்த்துக்கொள்கின்றது. வாசிப்பதை நம்பலாகாது என்னும் இறுதிக் கட்டளை முன்னையவை அனைத்தையும் தின்றுவிடுகின்றது. இது வெறும் கோமாளித்தனம் என்று ஒதுக்குவோர், வேத வாக்கியத்தின் அதிகாரம் எதில் தங்கியுள்ளது என்ற வினாவை இத்துணை எளிமையாக எழுப்பிய நூல்கள் எத்தனை என எண்ணிப்பார்ப்பது நன்று.

குருபீடம் பற்றியும் இவ்வாறே. மண்ணில் வாழும் ஆண், பெண், குழந்தை ஒவ்வொருவரும் மெய்யான பாப்பரசர் என்று அச்சிட்ட அட்டைகளை அவர்கள் கண்டவரிடமெல்லாம் கையளித்தனர். பாப்பரசரின் தவறாமைக் கொள்கையை மறுப்பதற்கு வாதமொன்றும் கூறாமல், அதனை எல்லோருக்கும் பகிர்ந்தளித்துச் செல்லாக்காசாக்கும் உத்தி இது. கணினி நிரலாளரிடையே இந்நெறி விரும்பப்பட்டமைக்கும் இவ்வகை உத்திகளே காரணமாகலாம். ஆண்டொன்றை 73 நாள்கள் கொண்ட 5 பருவங்களாக வகுக்கும் டிஸ்கோடிய நாட்காட்டியைக் காட்டும் 'டிடேட்' என்னும் சிறு நிரல் லினக்ஸ் இயங்குதளப் பயன்நிரல்களுடன் பல்லாண்டுகள் சேர்த்து வழங்கப்பட்டது.

கூட்டாக்கம் என்ற வகையிலே இந்நூலின் முக்கியத்துவம் அதன் பதிப்புரிமை அறிவித்தலிலே தங்கியுள்ளது. உரிமை என்பதற்கும் சடங்கு என்பதற்கும் ஆங்கிலத்திலே ஒலிப்பு ஒன்றே, 'ரைட்ஸ்'. வழமையான உரிமை ஒதுக்க வாசகத்தைச் 'சடங்குகள் யாவும் தலைகீழாக்கப்பட்டன' என்ற பொருள்படச் சிலேடையாக மாற்றி, விரும்பியதை விரும்பியவாறு மறுபிரசுரம் செய்க என்று அவர்கள் அச்சிட்டனர். இவ்வகைச் சிலேடை அக்காலத்தில் வேறிடங்களிலும் உலாவியது. 1976இல் லீ சென் வாங் தாம் எழுதிய ரைனி பேசிக் நிரலிலே 'கொப்பிலெப்ற்' என்ற சொல்லைக் கையாண்டார். 1984 அல்லது 1985இல் டொன் ஹொப்கின்ஸ் தமக்கு அனுப்பிய கடித உறையிலே அச்சொல்லும் உரிமைகள் தலைகீழாக்கப்பட்டன என்ற வாசகமும் காணப்பட்டதாகவும், அங்கிருந்தே தமது கோட்பாட்டிற்குப் பெயர் கிடைத்ததாகவும் றிச்சட் ஸ்ரோல்மன் எழுதியுள்ளார்.

பெயர் ஒத்திருப்பினும் இரண்டும் ஒன்றாகா. 1989இல் வெளியான குனூ பொது உரிமம் பதிப்புரிமையைக் கைவிடுவதில்லை. அதனைப் பற்றிநின்றே, நிரலைத் திருத்தி வெளியிடுவோர் அத்திருத்தத்தையும் அதே நிபந்தனையில் ஏனையோருக்கு வழங்க வேண்டும் என்ற கடப்பாட்டை விதிக்கின்றது. பொதுச்சொத்தைத் தனிச்சொத்தாக்கும் முயற்சிக்கு எதிராக அது சட்டத்தின் வாளையே திருப்பிப் பிடிக்கின்றது. பிரின்சிப்பியாவிலோ கடப்பாடு எதுவுமில்லை. எடுப்பவன் யாருக்கும் எதற்கும் பதில் கூற வேண்டியதில்லை. இதனால் அந்நூல் பல பதிப்பகங்களின் வழியாகவும், பின்னர் கணினிகளின் வழியாகவும் தடையின்றிப் பெருகியது. பாட்டிலும் நாடகத்திலும் விளையாட்டிலும் அதன் கூறுகள் கலந்தன. ஆனால் இதே கட்டின்மை நூலின் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. அவர்களுடைய அரசியற் குறும்பிற்கும் அதுவே விதியாயிற்று. இக்கட்டுரையின் மையம் அதுவே.

அக்குறும்பை விளங்குவதற்கு 18ஆம் நூற்றாண்டிற்குச் செல்ல வேண்டும். 1776 மே 1ஆம் திகதி பவேரியாவின் இங்கொல்ஸ்ரட் நகரிலே பேராசிரியர் அடம் வைஷவுப்ற் இலுமினாட்டி என்னும் இரகசியச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மதகுருமாரின் பிடியிலிருந்து கல்வியையும் அரசையும் விடுவிக்க விழைந்த அறிவொளிக் கால அமைப்பு அது. 1784இலும் 1785இலும் பவேரிய அரசு பிறப்பித்த தடையாணைகளால் அது சிதைந்தது. எனினும் 1797இல் பிரெஞ்சு மதகுரு ஒகஸ்தென் பருவெலும் ஸ்கொத்லாந்து அறிஞர் ஜோன் றொபிசனும் தனித்தனியே நூலெழுதி, பிரெஞ்சுப் புரட்சி இலுமினாட்டிகளின் சதியென்று வாதிட்டனர். இங்கு வர்க்க உள்ளடக்கம் தெளிவு. பஞ்சமும் வரிச்சுமையும் நிலப்பிரபுத்துவச் சலுகைகளும் மக்களை எழுச்சிக்குத் தள்ளின என்று ஒப்புக்கொள்ள இயலாதோர், மறைந்திருந்து சூத்திரக் கயிற்றை இழுக்கும் சிலரைக் கற்பித்தனர். அமெரிக்காவிலே 1958இல் அமைக்கப்பட்ட ஜோன் பேர்ச் சங்கம் இதே பழங்கதையைக் கம்யூனிச எதிர்ப்புக்கெனத் தூசு தட்டி எடுத்தது.

இப்பிற்போக்குக் கதையைப் பரிகாசத்தாற் கொல்ல முடியும் என டிஸ்கோடியர் நம்பினர். அறுபதுகளின் இறுதியிலே, அச்சேற்றத் தயக்கம் தரும் ஒரு சொல்லைப் பெயராகக் கொண்ட, மனத்தைக் கலக்கும் நடவடிக்கையொன்றை அவர்கள் தொடங்கினர். பிளேபோய் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிலே பணியாற்றிய றொபேட் அன்ரன் வில்சன் தோர்ன்லியின் நண்பரானார். இலுமினாட்டிகள் பற்றிய ஒரு கடிதம் 1969இல் அச்சஞ்சிகையிலேயே வெளிவந்தது. வலதுசாரி ஏட்டிற்கு ஒரு கதை, இடதுசாரி ஏட்டிற்கு அதற்கு முரணான கதை, மாணவர் ஏட்டிற்கு இன்னொன்று என எல்லாத் திசையிலும் வதந்தியைப் பரப்பினால், கதைகள் ஒன்றோடொன்று மோதி உடைந்து, வாசகன் எதனையும் நம்பாது சிந்திக்கத் தொடங்குவான் என்பது அவர்களது கணிப்பு. வில்சனும் அவருடன் பணியாற்றிய றொபேட் ஷேயும், சஞ்சிகைக்கு வந்த சதிக்கடிதங்கள் யாவும் உண்மையாயின் உலகம் எவ்வாறிருக்கும் என்ற கற்பனையிலே எழுதிய இலுமினாட்டஸ் நாவல் 1975இல் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

இதற்கிடையிலே தோர்ன்லியின் வாழ்வு அவரது எழுத்தையே விஞ்சியது. 1959இல் அமெரிக்கக் கடற்படையணியிலே லீ ஹாவி ஒஸ்வால்டுடன் சேவையாற்றியவர் அவர். ஒஸ்வால்ட் சோவியத் நாட்டிற்குச் சென்ற செய்தி கேட்டு, அவரைத் தழுவிய ஒரு பாத்திரத்தை வைத்து நாவலொன்றை 1962 அளவிலேயே எழுதினார். அடுத்த ஆண்டு சனாதிபதி கென்னடி கொல்லப்பட்டார். கொலைக்கு முன்னரே கொலைகாரனெனப்படுபவனை வைத்துப் புனைகதை எழுதியவர் ஐயத்திற்கு உள்ளாகாமல் இருப்பது எங்ஙனம்? 1964இல் அவர் வொறன் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார். 1968இல் ஜிம் கரிசன், ஆம், அதே படியெடுக்கும் இயந்திரத்தின் சொந்தக்காரர், பொய்ச்சாட்சியம் கூறியதாகத் தோர்ன்லி மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. சதிக்கதைகளைப் பரிகசித்தவரைச் சதிக்கதையொன்று குற்றவாளிக் கூண்டிலேற்ற முயன்றமை முதல் திருப்பம்.

இரண்டாவது திருப்பம் துயரமானது. எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து, தாம் உண்மையிலேயே கென்னடி கொலைச் சதியின் கருவியாகப் பயன்படுத்தப்பட்டதாகத் தோர்ன்லி நம்பத் தொடங்கினார். நியூ ஓர்லியன்சிலே முன்னர் உரையாடிய ஒருவர் மாறுவேடத்திலிருந்த உளவதிகாரி என்று கருதினார். தமது பிறப்பே நாசிகளின் பரிசோதனையொன்றின் விளைவென்றார். நண்பர் வில்சனையும் உளவுத்துறையின் ஆளென ஐயுற்றார். வறுமையிலே வாழ்ந்து 1998இல் இறந்தார். ஹில் 2000இலும் வில்சன் 2007இலும் மறைந்தனர். தனிமனிதரொருவரின் உளநலக் குறைவை ஓரியக்கத்தின் மீது சுமத்துவது நேர்மையன்று. எனினும் ஒன்று புலனாகின்றது. எல்லாக் கதையும் சம அளவில் மெய், எல்லாக் கதையும் சம அளவில் பொய் என்று பழகிய மனத்திற்கு, மெய்யான ஆபத்து வந்தபோது அதனை அளந்தறியக் கோலொன்றும் மிஞ்சவில்லை.

சமூக அளவிலும் அவர்களது கணிப்புப் பொய்த்தது. கதைகள் மோதி உடையவில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 1960களிலே தீவிர வலதுசாரிகளின் துண்டுப்பிரசுரங்களில் அடங்கிக் கிடந்த இலுமினாட்டி என்ற பெயர் உலகெங்கும் இளைஞர் நாவில் வழங்கும் சொல்லாயிற்று. இதற்கு டிஸ்கோடியரே முழுப் பொறுப்பு என்பது மிகையாகும். சதிநம்பிக்கையின் ஊற்று யூதவெறுப்பிலும் சுவிசேஷத் தீவிரவாதத்திலும் மக்கள் அரசின் மீது கொண்ட, பெரிதும் நியாயமான, அவநம்பிக்கையிலும் உள்ளது. வியற்நாம் போர் பற்றி அரசு பொய்யுரைத்தது என்பதை 1971இல் வெளியான பென்ரகன் ஆவணங்கள் மெய்ப்பித்தன அல்லவா? ஆனாலும் அப்பெயரைத் தீவிர வலதுசாரியின் கையிலிருந்து சந்தைக்குக் கொண்டுவந்த வண்டிகளுள் டிஸ்கோடியரின் நகைச்சுவையும் ஒன்று. அதனைத் திருப்பியழைக்க எவராலும் இயலவில்லை. ஏனெனில் அது எவருடையதும் அன்று.

முற்போக்காளர் இவ்விடத்திலே டிஸ்கோடியரைச் சமகாலக் குறும்பர் ஏனையோருடன் ஒப்பிட வேண்டும். 1967இல் அபி ஹொஃப்மனும் தோழரும் நியூயோர்க் பங்குச்சந்தையின் மேல்மாடத்திலிருந்து டொலர்த் தாள்களை வீசினர். கீழே நின்றோர் பொறுக்க ஓடினர். 1968இல் சிக்காகோவிலே யிப்பிகள் பன்றியொன்றைச் சனாதிபதி வேட்பாளராக அறிவித்தனர். இவற்றிலே எதிரி யார் என்பது காண்போர் எவருக்கும் விளங்கியது. போரை எதிர்த்த ஒரு பேரியக்கம் பின்னால் நின்றது. டிஸ்கோடியரோ, ஆரம்பத்தில் அயன் றாண்டின் தனிமனிதவாதத்தால் ஈர்க்கப்பட்டுப் பின்னர் அராஜகவாதியாகிய தோர்ன்லியின் வழியிலே, இடதையும் வலதையும் ஒரே தராசிலிட்டு நகைத்தனர். இந்நடுநிலை அவர்களது கவர்ச்சி. பலவீனமும் அதுவே என்பது என் கருத்து.

கலைத்துறையிலே விளைவு வேறு. கென் கம்பல் 1976இல் லிவர்பூலில் இலுமினாட்டஸ் நாவலை நீண்ட நாடகமாக்கினார். 1977இல் இலண்டன் தேசிய அரங்கின் கொற்றஸ்லோ மண்டபம் அந்நாடகத்துடனேயே திறக்கப்பட்டது. காட்சியமைப்பாளராயிருந்த பில் டிரமண்ட் 1987இல் ஜிம்மி கோட்டியுடன் இணைந்து, நாவலிலுள்ள கலகக் கூட்டமொன்றின் பெயரையே தமது இசைக்குழுவிற்குச் சூட்டினார். அனுமதியின்றி ஏனையோரின் இசைத்துண்டுகளை வெட்டியொட்டிய அவர்களது முதல் இசைத்தட்டு, அபா குழுவினரின் முறைப்பாட்டால் அழிக்கப்பட வேண்டியதாயிற்று. கே. எல். எஃப். என்ற பெயரிலே பெருவெற்றி பெற்ற பின், 1992இல் தமது இசைத்தட்டுகளைத் தாமே விற்பனையிலிருந்து நீக்கினர். 1994 ஓகஸ்ற் 23ஆம் திகதி ஜூரா தீவிலே 10 இலட்சம் பவுணைத் தீயிலிட்டனர். பொருளீட்டலை மறுத்த செயலா, பொருளுள்ளோரின் களியாட்டா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

மிகப் பயனுள்ள ஒப்பீடு இத்தாலியிலே கிடைக்கின்றது. 1994இல் பொலோனியாவை மையமாகக் கொண்டு, லூதர் பிளிசெற் என்னும் உதைபந்தாட்ட வீரரின் பெயரை எவரும் சூடிக்கொள்ளலாம் என்ற திட்டம் தோன்றியது. டிஸ்கோடியரைப் போலவே பெயரும் பொது, படைப்பும் பொது. அந்நாட்களிலே சாத்தான் வழிபாடு பற்றிய பீதியொன்று பத்திரிகைகளால் வளர்க்கப்பட்டு, பொலோனியாவில் சிலர் சிறைவைக்கப்பட்டிருந்தனர். (1997இல் அவர்கள் விடுதலையாயினர்.) பிளிசெற் குழுவினர் வித்தேர்போ நகர்ப்புறக் காடுகளிலே சாத்தான் சடங்கு நிகழ்ந்ததாகப் போலித் தடயங்களை வைத்தனர். செய்தியாளர் சோதியாது நம்பி எழுதினர். எல்லாம் எழுதி முடிந்தபின், 1997இல் சான்றுகளுடன் முழு ஏமாற்றையும் அவர்களே வெளிப்படுத்தினர். எவ்வாறு செய்தோம், எந்தச் செய்தியாளர் எதைச் சோதிக்கத் தவறினார், அதே தவறு சிறையிலிருப்போரை எவ்வாறு பாதித்தது என்பன விளக்கப்பட்டன. அவ்விளக்கமே அவர்களது செயலின் மறுபாதி. டிஸ்கோடியரின் நடவடிக்கையிலே இந்த மறுபாதி இல்லை. திட்டத்திற்கு 5 ஆண்டென முன்னரே எல்லை வகுத்திருந்த அவர்கள் 1999இன் இறுதியில் அப்பெயரைக் கைவிட்டனர்.

அதே ஆண்டிலே அவர்களுள் நால்வர் எழுதிய 'கியூ' என்னும் நாவல், 16ஆம் நூற்றாண்டுச் சமயப் புரட்சிக் காலத்தில் கிளர்ச்சியாளரிடையே பொய்ச் செய்தி பரப்பும் உளவாளியொருவனைப் பற்றியது. 2017 ஒக்ரோபரில் அமெரிக்காவிலே அதே எழுத்தைப் பெயராகக் கொண்ட ஒருவர் அரச இரகசியங்களை அறிந்தவர்போல் எழுதத் தொடங்க, அதைச் சுற்றி வளர்ந்த கியூ அனன் நம்பிக்கையாளர் பலர் 2021 சனவரி 6ஆம் திகதி வொஷிங்ரன் நாடாளுமன்றக் கட்டிடத்துள் புகுந்தோரிடையே காணப்பட்டனர். நாவலுக்கும் இதற்கும் தொடர்புண்டோ என்ற வினா எழுந்தபோது, வூ மிங் என்று புதுப்பெயர் பூண்டிருந்த அந்நாவலாசிரியர் அதனைத் தட்டிக்கழிக்கவில்லை. அவர்களுள் ஒருவரான வூ மிங் 1, 2021இல் இது பற்றி ஒரு பெருநூலே எழுதினார். ஒவ்வொரு சதிப்புனைவும் ஒரு மெய்யின் விதையைச் சுற்றியே வளர்கின்றது, மூலதனத்தின் மீதான வெறுப்பைத் திசைதிருப்பி அமைப்பைக் காக்கின்றது, விதையைக் கண்டறியாது புனைவை மட்டும் நகைப்பவர் நம்பிக்கையாளரை மேலும் இறுக்கிவிடுவர் என்பது அதன் வாதம்.

வூ மிங் எழுத்தாளரின் நூல்களிலும் வாசகர் தாராளமாகப் படியெடுக்கலாம் என்ற அறிவித்தல் உண்டு. வணிக நோக்கம் இருத்தலாகாது, அவ்வறிவித்தலும் படியிலே இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனைகளுடனேயே அது அச்சிடப்பட்டிருக்கின்றது.